ஆவாரம்பட்டையின் தங்கை

கேள்வி: என் தாத்தா தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை ஊறப்போட்டவர். அந்த ‘டானின்’ ஒயினிலும் இருக்கிறதாமே, உண்மையா?
(வாசகர், ஆம்பூர்)

பதில்: உண்மைதான். தாத்தாவுக்கு மாட்டுத்தோல், ஒயின் செய்பவர்களுக்குத் திராட்சைத்தோல்! பட்டையின் துவர்ப்பான டானின், தோலிலுள்ள புரதத்தைப் பிடித்து இறுக்கி, அழுகாமல் காக்கிறது. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருப்பது அதே இனம். சிவப்பு ஒயினைத் தோலோடு புளிக்கவைப்பதால் துவர்ப்பு அதில் இறங்குகிறது. குடிப்பவரின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் நாக்கு வறண்டு இழுக்கிறது. கிட்டத்தட்ட தாத்தாவின் தொழில்தான், நாக்கில் நடக்கிறது!

நம்மூருக்கும் ஒயினுக்குமான இன்னொரு உறவையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, ‘மஸ்கட் ஹாம்பர்க்’ ரகம். அதன் பெற்றோரில் ஒன்றை இத்தாலியின் பாண்டெல்லேரியா தீவில் ‘ஜிபிப்போ’ என்கிறார்கள். பேய்க்காற்று வீசும் தீவு. கொடியைக் குழிக்குள் குட்டையாக வளர்க்கிறார்கள். அந்தக் கைப்பழக்கத்தை 2014-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சிசிலியின் ரால்லோ குடும்பத்தார் அங்கே பழத்தை நம் வீட்டு வற்றல்போல வெயிலில் காயவைத்து இனிப்பு ஒயின் செய்கிறார்கள். பெயர் ‘பென் ரியே’. அரபியில் காற்றின் மகன்! கொடியைப் பிய்க்கும் காற்றையே தகப்பனாக்கிய அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

அடுத்தமுறை பன்னீர் திராட்சை வாங்கினால் தோலைத் துப்பாமல் மென்று பாருங்கள். ஆவாரம்பட்டையின் தங்கை உள்ளே இருப்பாள்.