கிக்கரை உதைத்துக் கேளுங்கள்!

போன இதழில் 'பாபி' பைக்கைப் பற்றி நாலு வரி எழுதினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த வாரம் முழுக்கக் குட்டி வண்டிகளுக்குத்தான்.

'பாபி பைக்' என்கிறார்களே, அது எந்தக் கம்பெனி வண்டி?
(கல்லூரி மாணவி, செம்பூர்)

ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175. ஃபரிதாபாத் எஸ்கார்ட்ஸ் கம்பெனி செய்தது. 1973-இல் வந்த 'பாபி' படத்தில் ரிஷி கபூரும் டிம்பிள் கபாடியாவும் அதில் ஏறினார்கள். கம்பெனி வைத்த பெயர் இறங்கிக்கொண்டது. எஸ்கார்ட்ஸ் குடும்பத்து ராஜன் நந்தா, ராஜ் கபூரின் மருமகன். மாமனார் படம், மருமகன் வீட்டு வண்டி! அந்த ராஜ் கபூரின் ஆர்.கே. ஸ்டூடியோ உங்கள் செம்பூரில்தான் இருந்தது. 2017 செப்டம்பரில் தீப்பிடித்து அரங்கும் பழைய உடைகளும் எரிந்தன. 2019-இல் இடமே கைமாறியது. இன்று அந்தப் படத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால், எங்காவது ஒரு ஜி.டி.எஸ். டேங்கின் மேல் கை வைத்தால்தான் உண்டு.

வண்டி குட்டி. இன்ஜினும் குட்டியா?
(பள்ளி மாணவன், மாட்டுங்கா லேபர் கேம்ப்)

உருவம் கடுகு, காரம் 173 சி.சி.! பால்காரர்கள் கேன்களைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்களே ராஜ்தூத் 175, அதே டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். போலந்து நாட்டு எஸ்.எச்.எல். எம்11 வண்டியின் வழிவந்தது. பெரிய ராஜ்தூத் நாடு முழுக்க ஓடியதால் பிஸ்டன், ரிங், பாயிண்ட் செட்டெல்லாம் தேடினால் அகப்படும். டேங்க், சீட், மட்கார்டு, சின்னச் சக்கரம் இவைதான் அகப்படாது. வாங்கப் போகிறவர் இன்ஜின் சத்தத்தில் மயங்காமல், முதலில் இந்த நாலையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சின்ன வண்டிகளை யாருக்காகத்தான் செய்தார்கள்?
(ஆட்டோ ஓட்டுநர், சயான்)

முதலில் சிப்பாய்க்கு, பிறகு குழந்தைக்கு. இரண்டாம் உலகப் போரில், 1942-இல், பிரிட்டன் 'வெல்பைக்' என்று 98 சி.சி. வண்டி செய்தது. மடித்து உருளைப் பெட்டியில் வைத்துப் பாராசூட்டில் இறக்கிவிடுவார்கள். 1961-இல் ஹோண்டா, ஜப்பானின் டாமா டெக் பொழுதுபோக்குப் பூங்காவுக்காக ஒரு குட்டி வண்டி செய்தது. ஏறினவர்கள் முழங்காலை மடக்கிக் குந்தியதைப் பார்த்து அதற்குக் குரங்கு என்றே பெயர் வந்தது: 'மங்கி'.

அண்ணாச்சி, ஊரில் தாத்தாவின் டி.வி.எஸ். 50 தொழுவத்தில் கிடக்கிறது. பங்காருக்கு (பழைய இரும்புக்கு) போட்டுவிடலாமா?
(90 அடி சாலை வாசகர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்)

போடவே போடாதீர்கள் தம்பி! 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50, இரண்டு பேர் போகலாம் என்று இந்தியாவில் வந்த முதல் மொபெட். 1972-இல் வந்த லூனா மொபெட்டும் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு ஓடியது. இன்று நல்ல பழைய லூனாவைத் தேட வேண்டியிருக்கிறது. நாலு பேர் பங்காருக்குப் போட்டால் ஐந்தாவது ஆளிடம் இருப்பது அபூர்வம். அந்த ஐந்தாவது ஆளாக நீங்கள் இருங்கள்.

ஊருக்குப் போனதும் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிளக்கைக் கழற்றி, துளையில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் பெடலைக் கையாலேயே மெல்லச் சுற்றுங்கள். பிஸ்டன் அசைந்தால் தாத்தா வண்டி உயிரோடுதான் இருக்கிறது.

முழு வண்டியையும் தாராவிக்குள்ளேயே தேற்றிவிட முடியுமா?
(டெய்லர், சோஷியல் நகர்)

முக்கால்வாசி முடியும். தோல் தைக்கிற கைக்கு சீட் உறை தைப்பது பெரிய வேலையா? 13-ஆவது காம்பவுண்டில் பழைய சாமான் பிரிப்பவர்களுக்கு இரும்பின் தரம் தட்டினாலே தெரியும். போன மழைக்காலத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். எங்கேயும் கிடைக்காத ஒரு புஷ். மேஸ்திரி தேய்ந்துபோன பழையதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார், வெர்னியரில் அளந்தார், பித்தளைத் தண்டை லேத்தில் பிடித்தார். பித்தளை சுருள் சுருளாக உதிர்ந்தது. இரண்டு தடவை கழற்றிப் போட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். மூன்றாவது தடவை கட்டைவிரலால் தள்ளினதும் வண்டியின் தண்டு புஷ்ஷுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. கம்பெனி கைவிட்ட சாமானை அந்தக் கை பெற்றெடுத்தது. அப்படிப்பட்டவரிடம் பேரம் பேசாதீர்கள். வண்டியைக் காட்டும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குரோம் பூச்சுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். அந்தப் பூச்சுத் தொட்டியின் ஆவியும் கழிவும் விஷம். கையுறையும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில் உங்கள் ஹேண்டில்பாரைக் கொடுக்காதீர்கள். நம் பளபளப்புக்காக இன்னொருவர் நுரையீரல் கெடக் கூடாது.

பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்துவிடட்டுமா?
(வங்கி ஊழியர், மாட்டுங்கா)

எத்தனை முறை வேண்டுமானாலும் பெயிண்ட் அடிக்கலாம். கம்பெனி அடித்த பெயிண்ட் ஒரு முறைதான். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு பொறுமை, கடைசியில் பார்க்கலாம் பிரஷ். கழற்றுமுன் போட்டோ எடுங்கள். திருகாணிகளைப் பெயர் எழுதித் தனித்தனிப் பையில் போடுங்கள். சேசிஸ் எண் பக்கம் கிரைண்டரை விடவே விடாதீர்கள். என் வண்டியில் ஒரு பட்டறையில் துரு எடுக்கும்போது இரண்டு இலக்கங்கள் மழுங்கிவிட்டன. எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்களே, அதில் அந்த இடம் மட்டும் வெறும் கறுப்பாக வந்தது. அதைச் சரிசெய்ய ஆறு மாதம் அலைந்தேன்.

இப்போது வரும் இ20 பெட்ரோல் பழைய வண்டிக்கு ஒத்துக்கொள்ளுமா?
(மெக்கானிக், குர்லா)

அதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். நம் ஊர் மழைக்கோ நாலு மாதம்! வண்டி நிற்கப் போகிறதென்றால் டேங்கையும் கார்பரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். குழாயைப் புதிதாக மாற்றுங்கள். டூ-ஸ்ட்ரோக்குக்கு எண்ணெய்தான் தாய்ப்பால். வண்டிக் கையேடு சொல்லும் அளவை அளந்தே ஊற்றுங்கள், கண்திட்டம் வேண்டாம்.

ஐம்பது வயது வண்டிக்கு ஆர்.சி. கிடைக்குமா?
(ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், செம்பூர்)

கிடைக்கும் ஐயா. 2021-இல் மத்திய அரசு விதியே கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாமல் இருந்தால் 'விண்டேஜ்' வண்டியாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு ₹20,000, மறுபதிவுக்கு ₹5,000, பத்தாண்டு செல்லும். புதுப் பதிவானால் நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். அன்றாடச் சவாரிக்கும் வியாபாரத்துக்கும் எடுக்கக் கூடாது. 'பாபி' வந்த ஆண்டு வாங்கிய வண்டிக்கு 2023-லேயே அந்த வயது வந்துவிட்டது.

பத்துக்குப் பத்து கோலியில் (ஒற்றை அறையில்) ஆறு பேர் இருக்கிறோம். எனக்கும் சேகரிக்க ஆசை. வழி உண்டா?
(பெயர் வேண்டாம் என்றவர், தாராவி)

உண்டு. நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரே ஒரு வண்டி வாங்குங்கள். ஒரு வண்டி, நாலு சாவி. பத்து வண்டியைப் போர்த்தி வைத்திருப்பவரைவிட, ஒன்றை ஓடவைத்தவர்தான் என் கணக்கில் பெரிய சேகரிப்பாளர். ஞாயிறு காலையில் 90 அடி சாலையில் கிக்கரை உதையுங்கள். அந்தச் சத்தம் கேட்டு டீக்கடையில் ஒரு பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருவார். அவரிடம் ஒரு கதை இருக்கும். வீட்டுப் பரணில் ஒரு பாயிண்ட் செட்டும் இருக்கும்.