வீசம் படி வெந்தயம்

‘பார்’ என்பது தமிழில் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டிய சொல். ‘சாப்பிட்டுப் பார்’ என்றால் உபசாரம். ‘எழுதிப் பார்’ என்றால் ஊக்கம். ‘தொட்டுப் பார்’ என்றால் அடிதடி. எஸ். மீனாட்சி அம்மாள் 1951ல் தம் புத்தகத்துக்கு ‘சமைத்துப் பார்’ என்று பெயர் வைத்தபோது முதல் இரண்டு அர்த்தங்களைத்தான் நினைத்திருப்பார். சேலையூரில், ஆறு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்பில், அது மூன்றாவது அர்த்தத்தில் போய் முடிந்ததற்கு அவர் பொறுப்பல்ல. முழுப் பொறுப்பும் என்னுடையது.

போகிக்கு முந்தின நாள் என் மனைவி பரணைக் காலி செய்துகொண்டிருந்தாள். பழைய பேப்பர் குவியலின் உச்சியில், அட்டை போய், புடவைக் கரையைக் கிழித்துக் கட்டின கட்டோடு ஒரு புத்தகம் உட்கார்ந்திருந்தது.

“ஏங்க, இதையும் எடைக்குப் போட்டுரட்டுமா?”

பதறிப் போய்ப் பிடுங்கினேன். 1964ல் அம்மா கல்யாணமாகி வந்தபோது டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்த ‘சமைத்துப் பார்’ அது. பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்தாளாம். மாமியார் வீட்டில் “இதுகூடத் தெரியாதா?” என்று யாராவது கேட்பதற்குள் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டிய புத்தகமாயிற்றே!

அந்தக் காலத்தில் நிறையப் பெண்களுக்கு அந்த ஓட்டம் இருந்திருக்கிறது. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் மீனாட்சி அம்மாள். கைப்பக்குவம் உள்ளவர் என்று தெரிந்ததும் உறவுப் பெண்களெல்லாம் ‘அந்தக் குழம்பு எப்படி, இந்தப் பட்சணம் எப்படி’ என்று அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். எல்லாவற்றையும் புத்தகமாகவே போட்டுவிடு என்று தூண்டியவர் குடும்பத்துப் பெரியவரான கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். அதுவரை பெரும்பாலான வீடுகளில் சமையலுக்குக் கணக்கு என்பது கை, கண், மூக்கு மூன்றும்தான். மீனாட்சி அம்மாள் ஆழாக்கு, பலம் என்று அளவு போட்டு, எதை முதலில் போடுவது, எதைப் பின்னால் போடுவது என்று வரிசை கட்டி எழுதினார். அம்மா பக்கத்தில் இல்லாத பெண்ணுக்கு எழுதின புத்தகம். பிற்பாடு அமெரிக்கா போன மணப்பெண்களின் பெட்டியிலும் அது ஏறிப் போனது. ஆங்கிலத்திலும் வந்தது.

அம்மாவின் பிரதியைப் படிக்க எழுத்தறிவு தேவையில்லை, கறையறிவு போதும். ரசம் பக்கங்களை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். அவ்வளவு எண்ணெய். வடைப் பக்கத்தில் கட்டைவிரல் ரேகை மாவில் பதிந்து காய்ந்து, ஆதாருக்கே கொடுக்கலாம் போல இருந்தது. பாகற்காய்ப் பக்கம் மட்டும் நேற்றுத்தான் அச்சாகி வந்த மாதிரி பளிச்சென்று இருந்தது. “மார்க்கெட்ல பாகற்காயே வரலை” என்று அம்மா என் அப்பாவிடம் முப்பது வருஷம் சொல்லிவந்தது பச்சைப் பொய் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதைவிட ருசியான சங்கதி ஓரங்களில் இருந்தது. அந்தக் காலத்துத் தெருவில் புத்தகம் ஒரு வீட்டில் தங்காது. இரவல் போன வீடுகளிலெல்லாம் ஆளுக்கொரு பென்சிலோடு காத்திருந்திருக்கிறார்கள். ஒரு பாயசத்தின் பக்கத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள்: ‘வெல்லம் இன்னும் கொஞ்சம் வேண்டும்.’ அதற்குக் கீழே அம்மாவின் கையெழுத்தில்: ‘வேண்டாம்.’ அதற்குக் கீழே மூன்றாவது கை: ‘வேண்டும்.’ அம்மா மறுபடி பேனாவை எடுத்து, இம்முறை அடிக்கோடிட்டு: ‘வேண்டாம். அவர்கள் வீட்டில் எல்லாருமே தித்திப்பு ஜாஸ்தி.’

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. ஊர்ப் பெண்கள், சர்ச் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு குறிப்புக் கொடுத்து, சேர்த்து அச்சடித்து, விற்ற காசை நல்ல காரியத்துக்குக் கொடுப்பார்கள். 1864ல் உள்நாட்டுப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு நிதி திரட்ட பிலடெல்பியாவில் மரியா மாஸ் வெளியிட்ட சமையல் புத்தகத்தை இதற்கு முன்னோடி என்பார்கள். நம் பெண்களுக்குத் தனியாக அச்சடிக்கிற செலவே இல்லை. ஏற்கெனவே அச்சான புத்தகத்தின் ஓரத்தில் இடம் இருந்ததே!

இந்தப் புதையலை நான் மட்டும் வைத்துக்கொள்வது நியாயமில்லை என்று பட்டது. வாரம் ஒரு ஞாயிறு, வீட்டுக்கு ஒரு குறிப்பு, மொட்டை மாடியில் பகிர்ந்து சாப்பிடுவது என்று எங்கள் ஆறு வீட்டிலும் சொல்லி ஏற்பாடு செய்தேன். என் மனைவி திருநெல்வேலிக்காரி. “மத்த வீட்ல எல்லாரும் சமைப்பாங்க. இந்த வீட்ல யாரு சமைக்கப் போறா?” என்றாள். “நான்தான்” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மருந்துப் பெட்டியை எடுத்து என்னென்ன இருக்கிறது என்று பார்த்தாள்.

முதல் சிக்கல் அளவில் வந்தது. எட்டு ஆழாக்கு ஒரு படி. மூன்று தோலா ஒரு பலம், அதாவது 35 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. 1956ல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்து, 1962ல் கிலோ கட்டாயமும் ஆகிவிட்டது. சட்டம் கடைக்காரர்களை மாற்றியது. அம்மாவை மாற்ற முடியவில்லை. கடையில் கிலோவில் வாங்கி, வீட்டில் வீசையில் யோசிக்கிற கடைசி வம்சம் அவள்.

ஆழாக்கு வாங்கலாம் என்று தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். “ரிட்டர்ன் கிஃப்ட்டா சார்? எத்தனை பீஸ் வேணும்?” என்றார் கடைக்காரர். “ஒண்ணு. அளக்க” என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

மூன்றாம் மாடியில் இருக்கும் ஐ.டி. தம்பி ஆறுதல் சொன்னான். “அங்கிள், எங்க ரைஸ் குக்கர் கப்பு இருக்கே, அதுதான் ஆழாக்கு.” அது 180 மில்லி, ஆழாக்கு சுமார் 200. இருபது மில்லி வித்தியாசத்தில் ஜப்பானும் சேலையூரும் கைகுலுக்கிக்கொண்டன. தம்பி உற்சாகமாகி, எல்லா அளவுகளையும் கிராமுக்கு மாற்றி ஓர் எக்செல் ஷீட்டே போட்டுவிட்டான்.

முதல் மூன்று ஞாயிறுகள் அமோகம். கீழ்வீட்டு மாமி செய்த மைசூர் ரசத்தைக் குடித்துவிட்டு டம்ளரை யாரும் கீழே வைக்கவில்லை. எதிர்வீட்டு டீச்சருக்கு மார்த்தாண்டம் பக்கம். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “சார், மீன் குழம்பு எந்தப் பாகத்துல வரும்?” என்று கேட்டார். எந்தப் பாகத்திலும் வராது என்று சொன்னதும், அடுத்த வாரம் தன் அம்மாவின் 1983ஆம் வருஷத்து டைரியோடு வந்தார். ஜனவரி முழுக்க நெத்திலி. பிப்ரவரி பாதிவரை சாளை. தேங்காய் ‘வேண்டிய அளவு’, புளி ‘கொஞ்சம்’, இறக்குவது ‘பதம் வந்ததும்’. எக்செல் தம்பி அந்த டைரியை ஒரு பக்கம் படித்துவிட்டு, வேலையை ராஜினாமா செய்கிற முகத்தோடு லேப்டாப்பை மூடினான். குழம்பு பிரமாதம். சைவக்காரர்கள் வாசனையை மட்டும் பாராட்டினார்கள்.

நான்காவது ஞாயிறு என் முறை. ஏதாவது ஒரு கூட்டு பண்ணிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் புத்தகத்தின் கடைசியில் வெற்றுத் தாளில் அம்மா தன் கைப்பட எழுதின வருஷத்து சாம்பார்ப் பொடிக் கணக்கு கண்ணில் பட்டுவிட்டது. மீனாட்சி அம்மாளுக்குச் சம்பந்தமே இல்லாத, முழுக்க எங்கள் வீட்டுச் சொத்து. மல்லி இரண்டு வீசை. மிளகாய் ஒரு வீசை. துவரம்பருப்பு ஆழாக்கு. மிளகு ஆழாக்கு. வெந்தயம்... அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விழுந்து பரவியிருந்தது. ‘வீ’ என்பது வரைக்கும் தெளிவாக இருந்தது.

மேலே இரண்டு இடத்தில் வீசை என்று இருக்கும்போது மூன்றாவது இடத்தில் வேறு என்ன இருக்க முடியும்? வெந்தயம் 1.4 கிலோ வாங்கினேன்.

எல்லாவற்றையும் மொட்டை மாடியில் வெயிலில் காயப் போட்டேன். தாம்பரம் விமானப் படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தன. கீழே நான் காக்காய் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் தூக்கு வாளியோடு மாவு மில்லுக்குப் போனேன். மில்காரர் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

“சார், வெந்தயம் தூக்கலா இருக்கே. யாரு போட்ட கணக்கு?”

“எங்கம்மா. அறுபது வருஷத்துக் கணக்கு” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

“அப்ப சரி” என்று பெல்ட்டை மாட்டினார். முப்பது வருஷமாக வெந்தயத்தைத் தொட்டுப் பார்த்த கையை ஓர் எண்ணெய்க் கறை ஜெயித்த இடம் அது.

ஏறக்குறைய 6 கிலோ பொடி வந்தது. வீட்டுக்கு ஒரு கிலோ என்று ஆறு சம்புடத்தில் போட்டு, ஐந்தை விநியோகித்தேன். வாங்கியவர்களெல்லாம் மூடியைத் திறந்து முகர்ந்து, “ஆஹா, அந்தக் காலத்து வாசனை!” என்றார்கள். மாடியில் நான் வைத்த சாம்பாரையும் சாப்பிட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் யாரும் இரண்டாம் முறை கேட்கவும் இல்லை. டீச்சர் மட்டும், “ரொம்ப வித்தியாசமா இருக்கு சார்” என்றார். பரீட்சைப் பேப்பரில் இதையே எழுதினால் நூற்றுக்குப் பதினெட்டு என்று அர்த்தம்.

நானும்தான் சாப்பிட்டேன். நாக்கின் பின்பக்கத்தில் ஏதோ நடந்தது. பாரம்பரியம் என்றால் கொஞ்சம் கசக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரம் போனது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் மாடிப்படியில் ஏறினால் எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்று மூக்கே சொல்லிவிடும். திங்கள் மோர்க்குழம்பு. செவ்வாய் வத்தக்குழம்பு. புதன் எல்லா வீட்டிலும் தயிர் சாதம். ஆறு வீட்டிலும் சாம்பார் என்கிற வஸ்துவே வழக்கொழிந்திருந்தது. என் வீட்டிலும்தான். வாட்ச்மேன் அண்ணனே கேட்டார்: “என்ன சார், எல்லாரும் ஏதாவது விரதமா?”

உண்மையைக் கொண்டுவந்தவர் கீழ்வீட்டு மாமி. ஒரு பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கோ. எங்காத்து மாமாவுக்கு சுகர். வெந்தயம் நல்லதுன்னு இந்தப் பொடியை ரொம்ப ரசிச்சுச் சாப்பிடறார். அதைக் கேள்விப்பட்டு டீச்சர் தன் டப்பாவைக் கொண்டுவந்து ‘மாமாவுக்கு’ன்னு கொடுத்தா. அப்புறம் மூணாம் மாடிப் பையன். அப்புறம் மத்த ரெண்டு பேரும். எங்களதோட சேர்த்து அஞ்சு டப்பா இருக்கு. மாமாவுக்கு ஒண்ணே ஆயுசுக்கும் போதும்.”

நான்கு சம்புடங்களும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அம்மாவின் கணக்கைப் பார்த்தார். பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார்.

“இது வீசை இல்லை, வீசம். வீசம் படி. பதினாறில் ஒண்ணு.”

படியில் பதினாறில் ஒரு பங்கு என்றால் அரை ஆழாக்கு. ஒரு கைக்குள் அடங்குகிற வெந்தயம். நானோ ஒரு மாட்டுக்கு வைக்கிற அளவு போட்டிருக்கிறேன். நம் முன்னோர்கள் முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம் என்று பின்னத்துக்கெல்லாம் தனிப் பெயர் வைத்துப் புழங்கினார்கள். வீசைக்கும் வீசத்துக்கும் நடுவே ஒரே ஓர் எழுத்து. அந்த எழுத்தின் எடை 1.3 கிலோவுக்கு மேல்.

மாமி போனதும் நான் பேனாவை எடுத்தேன். அந்தக் கறைக்குப் பக்கத்தில், வரப்போகிற தலைமுறைக்காகத் தெளிவாக எழுதினேன்: ‘வெந்தயம் வீசம் படி. சுமார் 100 மில்லி. வீசை அல்ல, அல்ல, அல்ல.’ மறுநாள் புத்தகத்தைத் திறந்தபோது அதற்குக் கீழே என் மனைவியின் கையெழுத்து இருந்தது: ‘இவரை மில்லுக்கு அனுப்ப வேண்டாம்.’ வேண்டாம் என்பதற்கு அடிக்கோடு. என் அம்மாவும் அவளும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை. அந்த அடிக்கோடு மட்டும் அச்சு அசல் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நிற்கவில்லை. புத்தகம் இப்போது இரண்டாம் மாடியில் இருக்கிறது. திரும்பி வரும்போது புதுக் கறையோடும் புதுச் சண்டையோடும் வரும். என் முறை வந்தால் அப்பளம் பொரிக்கிற வேலையை மட்டும் கொடுக்கிறார்கள்.

பொடி இன்னும் ஐந்து கிலோ இருக்கிறது. வாசனை துளிக்கூடக் குறையவில்லை. சேலையூர் பக்கம் வருகிறவர்கள், சர்க்கரை உள்ள சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால், கையில் ஒரு சம்புடத்தோடு வாருங்கள். சாப்பிட்டுப் பாருங்கள். உபசாரமாகத்தான் சொல்கிறேன்.