கியர்த்திணை: நெகிரி செம்பிலான் தோட்டச் சாலைகளை முன்வைத்து

தொல்காப்பியர் அகத்திணையை ஏழாக வகுத்தார். முதலில் கைக்கிளை, நடுவில் ஐந்திணை, கடைசியில் பெருந்திணை. ஐந்து கியர் உள்ள காடியில் நியூட்ரலையும் ரிவர்ஸையும் சேர்த்து எண்ணினாலும் ஏழுதான் வருகிறது. இப்பொருத்தம் இதுநாள்வரை ஆய்வாளர் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் உண்டு. உரையாசிரியர்கள் காலத்தில் காடி இல்லை. பேராசிரியர்கள் காலத்தில் எல்லாம் ஆட்டோ கியர் ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் கிளட்ச் மிதித்தவர்கள் தோட்டத்து மக்கள். அவர்களுக்குக் கட்டுரை எழுத நேரமில்லை.

ஆய்வுக்களமாக நெகிரி செம்பிலானைத் தேர்ந்ததற்கு ஊர்ப்பாசம் மட்டும் காரணமன்று. மலைக்கு புக்கிட் புத்துஸ், காட்டுக்குப் பதில் லாபுவிலிருந்து பகாவ் வரை பால்மரமும் செம்பனையும், வயலுக்குக் கோலா பிலா, கடலுக்குப் போர்ட்டிக்சன் என நானிலமும் ஒரே மாநிலத்தில் கிடைக்கின்றன. தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் சொல்லவில்லை. நமக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலை இருக்கிறது. ஆய்வுக் கருவிகள் இரண்டு: 1985 ஜூலையில் வந்த புரோட்டோன் சாகா, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில். கஞ்சில் உற்பத்தி 2009இல் நின்றுவிட்டது. ஆனாலும் லயத்து வாசலில் அது இன்னும் நிற்கிறது. நிற்பதைவிட அதிகமாக ஓடவும் செய்கிறது.

கைக்கிளை ஒருதலைக் காமம். நியூட்ரலில் எஞ்சின் உருகி உருகி ஓடும், சக்கரத்துக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை. இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். முதல் கியரில் கிளட்ச் பிளேட் பிளைவீலைத் தொடும் கணத்தை இதைவிட நாகரிகமாகச் சொல்ல வழியில்லை. புக்கிட் புத்துஸின் பழைய வளைவுச் சாலையில், ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை எடுக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். கேண்ட்பிரேக் மேலே இருக்க, மிதியை மெல்ல விடவேண்டும். எஞ்சின் சத்தம் ஒரு படி இறங்கும், மூக்கு லேசாகத் தூக்கும். அங்கே கால் நிற்கவேண்டும். அந்த இடம் எங்கே வருகிறது என்பதில்தான் ஓட்டுநர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். மிதி தரையை விட்டு எழும்பியதுமே பிடிக்கவேண்டும் என்பது ஒரு கட்சி. மேலே வந்து பிடித்தால்தான் காலுக்குச் சுகம் என்பது மறு கட்சி. இரண்டும் சண்டை போடவேண்டியது ஒன்றோடொன்று அல்ல, கேபிளோடு. கஞ்சிலின் கிளட்ச், கம்பிக் கேபிளால் இழுபடுவது. நாள்பட அதன் இழுவை அளவு மாறும். மிதியைக் கையால் அமுக்கிப் பார்த்தால் எதிர்ப்பு தொடங்குமுன் ஒன்றிரண்டு விரல் தடிமன் வெறுமனே போகவேண்டும். அந்தச் சும்மா ஆட்டம் அறவே இல்லையென்றால் ரிலீஸ் பேரிங் ஓயாமல் அழுந்தி, பிளேட் வழுக்கித் தேயும். கூடிப்போனால் பிளேட் முழுதாக விலகாது, கியர் கரகரக்கும். எஞ்சின் பக்கத்துக் கேபிள் முனையில் ஒரு நட்டு இருக்கிறது. தத்துவத்தின் பெரும்பகுதி அந்த நட்டில் அடங்கிவிடுகிறது. கேபிளே உறைக்குள் துருப்பிடித்து உரசினால் மிதி கல்லாகும். அப்போது நட்டைத் திருகிப் பயனில்லை, கேபிளை மாற்றவேண்டியதுதான்.

முல்லைக்கு இருத்தல். செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால், முந்த வழியில்லாத செம்மண் சாலையில், இரண்டாம் கியரில் ஊர்பவனைவிடப் பொறுமையாகத் தலைவி ஒருத்தியும் காத்திருந்ததில்லை. இங்கே செய்யக்கூடாதது ஒன்று உண்டு: இடக்காலைக் கிளட்ச் மேலேயே வைத்து இளைப்பாறுவது. கால் இளைப்பாறும், பேரிங் இளைக்கும்.

மருதத்துக்கு ஊடல். மூன்றாம் கியரில் வண்டி திணறும்போது ஓட்டுகிறவர் நாலுக்குப் போகத் துடிப்பார். இடப்பக்கம் அமர்ந்திருக்கும் இல்லத்தரசி, “மூனுலயே போங்க, என்ன அவசரம்?” என்பார். எஞ்சின் எப்போதும் அம்மையார் கட்சி. தோற்றவர் கோபத்தைக் கியர்த்தண்டின் மேல் காட்டுவார், அதுதான் பிழை. தண்டை முறுக்கித் தள்ளத் தேவையில்லை. நடுவாயிலில் ஒரு மூச்சு நிறுத்தி, விரலால் வழிகாட்டினால் சிங்க்ரோமெஷ் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். காடிலாக் 1928இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். அது இல்லாத பழைய லோரிகளில் கியர் குறைக்க வேண்டுமானால் கிளட்சை இருமுறை மிதித்து, நடுவில் எண்ணெய் கொடுத்து வேகத்தைச் சமன்செய்ய வேண்டும். மோரிஸ் மைனரில் முதல் கியருக்கு மட்டும் சிங்க்ரோமெஷ் கிடையாது. மொத்தம் நான்கே கியர் என்பதால் அதற்குப் பாலையும் கிடையாது. தண்டு குழம்புக் கரண்டிபோல நாலாபக்கமும் ஆடினால் கைப்பழக்கத்தைக் குறைசொல்லாதீர்கள். அடியில் உள்ள பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருக்கும். குளிர்ந்த காலையில் மட்டும் இறுகினால் கியர் ஆயிலைப் பார்க்கவேண்டும். ஊற்றிய நாள் நினைவில் இல்லையென்றால் மாற்றும் நாள் வந்துவிட்டது.

நெய்தல் இரங்கல், ஞாயிறு மாலை போர்ட்டிக்சனிலிருந்து திரும்பும் நெரிசலில் நாலாம் கியரை நினைத்து ஏங்குவது. பாலை பிரிதல், ஐந்தாம் கியரில் சிரம்பானைத் தாண்டிக் கோலாலம்பூர் போன தோட்டத்துப் பிள்ளைகள் பலர் திரும்பி வரவில்லை. திரும்பி வந்த சிலருக்குத் தோட்டம் தாமானாக மாறியிருந்தது.

பெருந்திணை பொருந்தாக் காமம். ரிவர்ஸ் கியருக்குப் பெரும்பாலும் சிங்க்ரோமெஷ் இல்லாததால், அவசரப்பட்டால் அது அலறும். மிதித்து ஒரு நொடி பொறுத்து, ஏதாவது முன்கியரைத் தொட்டுவிட்டு, பிறகு ரிவர்ஸுக்கு வரவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் தீராத ஒரு வழக்கு சிலியாவ் பக்கம் ஆய்வுக்குக் கிடைத்தது. மழைக்காலத்தில் செம்மண் படியாமலிருக்க, ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர் தம் கஞ்சிலில் மிதிகளின் அடியில் நாளிதழ் விரிப்பார். நனைந்ததை எடுக்கமாட்டார், அதன்மேல் புதிது, அதன்மேல் ரப்பர் மேட். ஞாயிறு பதிப்பு வேறு கனம். சில வாரங்களில் ரிவர்ஸ் அலறத் தொடங்கியது. பட்டறையில் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றுக்கும் சேர்த்து விலை சொன்னார்கள். பெரியவர் வாசலில் அமர்ந்து புலம்பிக்கொண்டிருந்தார்:

“பிளேட்டு போச்சுங்கறான்யா.”

அடுத்த வீட்டுப் பையன் குனிந்து மேட்டைத் தூக்கினான். “பிளேட்டு போகல தாத்தா. பேப்பர்தான் ஏறிப்போச்சு.”

மிதி தரையைத் தொடாமல் செய்தித்தாளைத் தொட்டு நின்றிருக்கிறது. கிளட்ச் முழுதாக விலகவே இல்லை. பாடவேறுபாடு உரையைக் கெடுக்கும் என்பது ஏட்டுச்சுவடிக்கு மட்டும் பொருந்துவதன்று.

காலணி பற்றி ஒரு குறிப்பு. வெறுங்கால், சிலிப்பர், குலை வெட்டப் போடும் ரப்பர் பூட்ஸ் மூன்றில் மிதியின் நுணுக்கம் நன்றாகத் தெரிவது வெறுங்காலில். ஆனால் பிரேக்கை ஓங்கி மிதிக்கும் வேளையில் அது கைகொடுக்காது. சிலிப்பர் மிதிக்கடியில் நழுவிச் சிக்கும், பூட்ஸில் எதுவுமே தெரியாது. மெல்லிய அடியுள்ள சப்பாத்து போதும்.

ஆட்டோ கியர் பற்றி ஆய்வு என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அதில் கைக்கிளை இருக்கிறது, பெருந்திணை இருக்கிறது. நடுவண் ஐந்திணையையும் ‘டி’ என்ற ஒரே எழுத்தில் அடக்கிவிட்டார்கள். தொலைவில் கிடக்கும் சொற்களையெல்லாம் இழுத்துக் கூட்டிப் பொருள்சொன்ன நச்சினார்க்கினியர்கூட அந்த அளவுக்குப் போனதில்லை.

ஆகவே, பதினேழு வயதாகி லைசன் எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு: ‘டி’ வகுப்பு லைசன் வைத்திருப்பவர் ஆட்டோவும் ஓட்டலாம், கியர் வண்டியும் ஓட்டலாம். ‘டிஏ’ எடுத்தவர் கியர் வண்டியைத் தொட முடியாது. ‘டி’யையே எடுங்கள். தாத்தாவின் கஞ்சில் வாசலில் நிற்கிறது, பழகிக்கொள்ளலாம். மேட்டை மட்டும் முதலில் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.