காம்பிங் முசே

எங்கள் குருசுக்குப்பத்தில், புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் ஆரவாரமெல்லாம் ஓய்ந்து, படகுகளும் வலைகளும் கருவாட்டு மணமும் தங்கள் ராஜ்யத்தை ஸ்தாபித்துக்கொண்டிருக்கும் எல்லைக்குச் சற்று மேற்கே, வருஷத்தில் எட்டு மாதம் பூட்டியும் நான்கு மாதம் திறந்தும் இருக்கிற வீடு ஒன்று உண்டு. மழை விட்டு மார்கழிப் பனி இறங்குகிற சமயத்தில் அதன் பச்சை ஜன்னல்கள் திறந்தால், முசே வந்துவிட்டார் என்று தெரு அறிந்துகொள்ளும். மாசி மகம் முடிந்து, பங்குனி வெயில் உச்சந்தலையில் உறைக்கத் தொடங்கியபின் அவை சாத்தப்பட்டால், முசே பிரான்சுக்குப் பறந்துவிட்டார் என்றும், தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பது எப்படி என்று இனி எட்டு மாதத்துக்கு யாரும் நமக்குப் போதிக்க மாட்டார்கள் என்றும் தெரு ஆறுதல் கொள்ளும்.

முசே என்பது பெயரன்று, பதவி. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுப்பதற்கென்று ஆறு மாத அவகாசம் அளிக்கப்பட்டது அல்லவா, அந்த அவகாசத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் முசேயின் தகப்பனார். அந்த ஒரு கையெழுத்தின் புண்ணியத்தால் முசே பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, ஜிபூத்தியிலும் ஜெர்மனியிலிருந்த பிரெஞ்சுப் பாசறையிலுமாக 15 ஆண்டு சேவகம் செய்து, எங்கள் ஊர்ப் பாஷையில் 'சொல்தா'வாகி, பான்சியோன் என்னும் ஓய்வூதியம் வாங்குகிற பாக்கியத்தையும் பெற்றார். இதுவரையில் அவர் மற்றச் சொல்தாக்களைப் போன்றவர்தாம். பாரிஸை அடுத்த ஓர் ஊரில் மகன் வீட்டோடு இருந்த காலத்தில், ஓய்வு பெற்ற பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து, சமையலறை, படுக்கை, குளியல், கழிவறை சகலமும் உள்ளடங்கிய பழைய 'காம்பிங் கார்' ஒன்றை அவர் வாங்கிப்போட்டதுதான் அவருடைய சரித்திரத்தின் திருப்பம்.

அந்த வண்டியின் புகைப்படத்தை அவர் முதன்முதலாக ஊருக்குக் கொண்டுவந்து காட்டியபோது நேர்ந்த அவமானத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. "கேரவன்" என்று சொன்னாரோ இல்லையோ, தெருவே திரண்டுவிட்டது. வருஷம் முழுவதும் சினிமாப் படப்பிடிப்பு நடக்கிற ஊர் இது. கேரவன் என்றால் நடிகர் முகத்தைத் துடைத்துக்கொள்கிற வண்டி என்பது எங்கள் ஊர்ச் சிறு பிள்ளைக்கும் தெரியும். "உள்ள யாரு இருக்காங்க முசே?" என்று பையன்கள் கேட்டார்கள். "நானும் அக்காவும்" என்று, தெருவே அக்கா என்று அழைக்கிற தம் மனைவியையும் சேர்த்து அவர் சொன்னதும், கூட்டம் மிகுந்த மரியாதையோடு கலைந்துவிட்டது. அன்றுமுதல் அவர் கேரவன் என்ற சொல்லைக் கையாளுவதில்லை. காம்பிங் கார் என்றே நாசியில் இழுத்து உச்சரிப்பார்.

பிரான்ஸ் தேசத்தின் ரமணீயமான காட்சிகளில் அவர் காணாதது சொற்பம். ஆனால் அவரிடம் அவற்றைப் பற்றி விசாரிப்பவன் ஒரு விசித்திரத்தைக் காண்பான். ஷேர் ஆற்றின் குறுக்கே பாலம்போல எழுந்து நின்று, தண்ணீரில் தன் நிழலையே பார்த்துக்கொண்டிருக்கும் செனோன்சோ அரண்மனையைப் பற்றிக் கேட்டால், "அங்கேயா தம்பி? பக்கத்துக் காம்பிங்கில் வெந்நீர் இலவசம்" என்பார். ஏறக்குறைய 700 மீட்டர் ஆழத்துக்குச் சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு பச்சை நிறத்தில் ஓடுகிற வெர்தோன் பள்ளத்தாக்கைப் பிரஸ்தாபித்தால், "தரை சரிவு, ராத்திரி முழுக்க அக்கா என் மேலேயே உருண்டு வந்தாள்" என்று வருந்துவார். இயற்கை அழகைத் தேடிப் புறப்பட்ட மனிதர், நாளடைவில், குழாயையும் சமதரையையும் தேடித் திரிகிற மனிதராக மாறிவிட்டார் என்று நான் நினைப்பதுண்டு. இது அவர் ஒருவருக்கே நேர்ந்த கதியன்று, வீட்டைச் சக்கரத்தின்மேல் ஏற்றிய எல்லாருக்கும் நேர்வதுதான் என்று அவருடைய சகபிரயாணிகளைப் பற்றி அவர் சொன்ன கதைகளிலிருந்து ஊகிக்கிறேன். மாலை வேளைகளில் அந்த முகாம்களில் கூடி நிற்கும் வெள்ளைக்காரப் பெரியவர்கள் இலக்கியமா பேசுகிறார்கள்? எந்த ஊர்ச் சாக்கடைத் துவாரம் எவ்வளவு சுத்தம் என்பதே சம்பாஷணை.

அந்த விஷயத்துக்கு வருவோம். வண்டியின் கழிவறைக்கடியில் பெட்டிபோன்ற ஒரு தொட்டி உண்டு. அது நிறைந்ததும் அதைக் கழற்றி, சிறு சக்கரத்தின்மேல் உருட்டிக்கொண்டு, முகாமில் அதற்கென்று ஏற்பட்ட இடத்துக்குப் போய்க் கவிழ்த்து, அலசி, நீலநிற மருந்து ஒரு மூடி ஊற்றி மீண்டும் பொருத்த வேண்டும். இந்தக் கிரியையை முசே விவரிக்கிறபோது அவர் முகத்தில் ஒரு புரோகித களை வந்துவிடும். எதிரே இருப்பவன் இட்லியைப் பிட்டுக்கொண்டிருக்கிறான் என்பதும் அவருக்குத் தோன்றாது. ஜிபூத்தி வெயிலில் துப்பாக்கி தூக்கியதைப் பற்றி அவர் பெருமை பேசி நான் கேட்டதில்லை.

சட்டம் வேறு குறுக்கிடுகிறது. சாதாரண ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் ஓட்டுகிற வண்டி, ஆள், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்ந்து 3500 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது பிரான்சில் விதி. காலி வண்டியே 3000 கிலோவை நெருங்கும். எஞ்சியதில் 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. இந்தக் கணக்கையெல்லாம் போட்டுவைத்திருந்த முசே, ஒரு கோடைக்காலத்தில் எடைமேடையில் வண்டியை ஏற்றிப் பார்த்தபோது, முள் எல்லையைக் கடந்து நின்றது. உள்ளே புகுந்து சோதனை போட்டதில் இரண்டு மூட்டை அரிசியும், ஒரு டின் மிளகாய்த் தூளும், சாக்கில் சுற்றிய அம்மியும் குழவியும் அகப்பட்டன. அம்மியை இறக்கிவிட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அக்கா சாவதானமாக, "இந்தாங்க, எடைதானே கொறயணும்? நீங்க எறங்கிக்குங்க. மீன் கொழம்புக்கு அரைக்கிறதுக்கு அம்மி வேணும். உங்களால என்னா ஆவும்?" என்று கேட்டாள். இந்தத் தர்க்கத்துக்கு விடை காணாமல், அவர் பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டு விதியைக் காப்பாற்றினார்.

அம்மி வீண் போகவில்லை. தொர்தோஞ் ஆற்றங்கரை முகாம் ஒன்றில், பத்து மணிக்குமேல் மௌனம் காக்க வேண்டும் என்று பலகை தொங்குகிற இடத்தில், எட்டு மணிக்கே அக்கா நெத்திலிக் கருவாட்டை வறுத்துவிட்டாள். சப்தத்துக்கு விதி இருந்ததே ஒழிய வாசனைக்கு விதி எழுத அந்தத் தேசத்தாருக்குத் தோன்றவில்லை. அண்டை வண்டியிலிருந்து ஆலந்து தேசத்துத் தம்பதிகள் இறங்கி நேராக வருவதைக் கண்டு, எதிரியின் முன் நடுங்காத முசே நடுங்கினாராம். வந்தவர்கள் கையில் தட்டு இருந்தது. மறுநாள் அதே தம்பதிகளைப் பெத்தாங் ஆட்டத்துக்கு அழைத்து, புதுச்சேரி மணலில் பழகிய கையால் இரும்புக் குண்டுகளை வீசி, மூன்று ஆட்டத்திலும் முசே தோற்கடித்தார். அவர் கதைகளிலேயே குழாய் வராத கதை இது ஒன்றுதான். ஆகையால் நான் அடிக்கடி கேட்டு வாங்குவேன்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தக் காம்பிங் பைத்தியம் பிடித்த காரணத்தையும் அவரே சொல்லியிருக்கிறார். 1936-இல் லெயோன் ப்ளூம் தலைமையில் ஏற்பட்ட அரசாங்கம், தொழிலாளிக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை என்று சட்டம் செய்தது. அதுவரை கடலையே கண்டிராத குடும்பங்கள் சைக்கிளிலும் ரயிலிலும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டன. கூடாரம் இழுவை வண்டியாகி, இழுவை வண்டி தானே ஓடுகிற வீடாயிற்று. இதை அவர் ஏதோ நமக்கெல்லாம் தெரியாத நாகரிகம்போலச் சொல்லும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வரும். எங்களுக்கு வடக்கேயுள்ள வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மாசி மகத் தீர்த்தவாரிக்காக மயிலத்து முருகன் பிரயாணம் செய்து வருகிறாரே, வழிநெடுக மண்டகப்படி மண்டகப்படியாகத் தங்கி, நைவேத்தியம் ஏற்று, மீண்டும் புறப்படுகிறாரே, அது என்ன? உற்சவத்துக்குக் கூண்டு வண்டியில் அடுப்புச் சட்டியோடு வந்து, மாட்டை அவிழ்த்துக் கட்டி, மணலில் பொங்கித் தின்ற நம் பாட்டன்மார் செய்தது என்ன? ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் முத்தாம்பாள் பெயரால் சத்திரம் எழுப்பியது பிரயாணிகளுக்காக அல்லவா? மோட்டார்தான் வேண்டும் என்றால், 1969-இல் பாரிஸிலிருந்து தரைவழியாகவே வண்டிகளை ஓட்டிக்கொண்டு ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்த கூட்டம் இருக்கிறது. இவ்வளவையும் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். முசே பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கழிவுநீரை எங்கே விட்டார்கள், தம்பி?" என்றார்.

இந்த ஞானத்தையெல்லாம் தாய்நாட்டுக்கு அர்ப்பணிக்க வேண்டும் என்ற எண்ணம் சென்ற தை மாதம் அவருக்கு உதித்தது. வேன் ஒன்றை மூன்று நாளைக்கு வாடகைக்குப் பிடித்து, பின்னிரண்டு வரிசை இருக்கைகளைக் கழற்றி, மெத்தை விரித்து, அடுப்பும் தண்ணீர் டிரம்மும் ஏற்றி, அக்காவையும் என்னையும் இழுத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் புறப்பட்டார். காரவள்ளியிலிருந்து மேலே ஏறுகிற 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் டிரம் ததும்பிற்று. நாற்பதாவது வளைவுக்குமேல் மெத்தை தண்ணீரில் மிதந்தது. செம்மேட்டுக்கு அப்பால், மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கிடையே ஒரு காலித் திடலைக் கண்டு, சொந்தக்காரரிடம் அனுமதியும் வாங்கிக்கொண்டு வண்டியை நிறுத்தினோம்.

பிறகு நடந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். முசே ஒரு எவர்சில்வர் தம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, வேனின் தரையில் வைத்து, அதன்முன் குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். "முன்னால் இடது!" என்பார், டிரைவர் இறங்கி முன்சக்கரத்துக்குக் கல் வைத்து ஏற்றுவார். "பின்னால் வலது!" மறுபடி கல். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கி, பள்ளத்தாக்கெல்லாம் பொன்னாகி, பொன் செம்பாகி, செம்பு கரியாகிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரமும் எங்கள் முசே அந்தத் தம்ளரையே தரிசித்துக்கொண்டிருந்தார். டிரைவர் கடைசியில், "சாமி, எட்டிப் போனா லாட்ஜுங்க இருக்கு. அங்க கட்டிலு சமமாத்தான் இருக்கும்" என்றார். முசே பதில் சொல்லவில்லை.

விடியற்காலையில் கதவைத் தட்டுகிற ஓசை கேட்டுத் திறந்தால், வெளியே ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்ற மூதாட்டி, "கேம்ப்பு போட்டிருக்குன்னாங்க. கண்ணு பாக்குற கேம்ப்பா, சக்கர பாக்குற கேம்ப்பா?" என்று விசாரித்தாள். இது வெறுமனே தங்குகிற கேம்ப் என்று முசே விளக்கினார். வீடு வாசல் இல்லையோ என்று அவள் இரக்கத்தோடு அக்காவைப் பார்த்தாள். அக்கா எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். அத்தோடு டிரம் காலி. அடுத்த குழாயைத் தேடிப் போன மும்முரத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிக் காண வேண்டிய ஆகாய கங்கை அருவியை நாங்கள் காணவில்லை. அருவியிலேயே தண்ணீர் இருக்குமே என்று நான் சொன்னது எடுபடவில்லை. அதற்குக் குழாய் இல்லையாம்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம். மீன்கூடைக்காரப் பெண் ஒருத்தி குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நின்றாள். ஒரு குடம் நிரம்பி வழிந்து கால் செம்புத் தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று. மடக்கு நாற்காலியில் சாய்ந்திருந்த முசே எழுந்து போய், நானும் அக்காவும் 100 லிட்டரை மூன்று நாள் வைத்து ஓட்டுவோம், குளிப்பதற்கு இவ்வளவு, பாத்திரத்துக்கு இவ்வளவு, பல் தேய்க்கிறபோது குழாயை மூடிவிட வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டே இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடங்களை ஏற்றிக்கொண்டாள்.

"எங்க ஊட்ல ஏழு பேரு முசே, ஒரு நாளைக்கு அஞ்சு கொடம். நாங்க இன்னா, ஊரு சுத்தியா பாக்கறோம்?"