கிணறு வற்றலைங்க

கிணத்துக்கடவுத் தோட்டத்தில் மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை என்றால் முதலில் ஃபுட்வால்வைத்தான் பார்ப்பார்கள். கிணற்றைத் தூர்த்துவிட்டுப் புதிதாக வெட்டலாம் என்று யாரும் கிளம்புவதில்லை. கம்ப்யூட்டர் என்றால் மட்டும் அதே ஊருக்கு ஒரே வைத்தியம், ஃபார்மேட். தக்காளி மண்டியில் பில் போடும் பெட்டி மெதுவாக ஓடினாலும் ஃபார்மேட். பிரிண்டர் முரண்டு பிடித்தாலும் ஃபார்மேட். அது முடிந்து, கறுப்புத் திரையில் 'பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்' என்று வந்து நின்றால் இன்னொரு ஃபார்மேட்!

டிஸ்க் செத்துவிட்டது என்று அந்த வாசகம் சொல்லவில்லை. தேடிய இடத்தில் ஆள் இல்லை என்கிறது, அவ்வளவுதான். பெட்டியை எழுப்பும் பயாஸுக்கு விண்டோஸைத் தேட இரண்டு வழி உண்டு. பழைய லெகசி முறை டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் கதவைத் தட்டும். யூஇஎஃப்ஐ முறை தனியாக ஒரு சின்னப் பார்ட்டிஷனைத் தேடும். ஃபார்மேட்டுக்குச் செருகிய பென்டிரைவ் எந்த முறையில் கிளம்பியதோ அதே முறையில்தான் விண்டோஸும் குடியேறும். பயாஸ் மற்ற முறையில் தேடினால் ஆள் கிடைக்காது. "ஃபார்மேட்டுக்கு முன்னாடி ஓடுச்சுங்களே?" நியாயமான கேள்வி. அப்போது குடியிருந்தது பழைய விலாசத்தில். "சரிங்க, நேத்து ஓடினது கரண்ட் போய் வந்ததும் ஏனுங்க நின்னுச்சு?" மதர்போர்டில் 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. கனத்தில் சிஆர்2032 என்று ஒரு 3 வோல்ட் பேட்டரி உண்டு. அது காய்ந்துவிட்டால், கரண்ட் போகும்போதெல்லாம் பயாஸ் நாம் சொல்லிவைத்த முறையை மறந்து கம்பெனி வைத்தபடிக்குத் திரும்பிவிடும். தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். முறையையும் தேதியையும் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் ஒரு நிமிஷ வேலைக்குக் கூலி கேட்க யாருக்கும் கூச்சமாகத்தானே இருக்கும்?