வினைகள் கைகோக்கும் விதம்

கேள்வி: ‘காசிமேட்டில் மீன் வாங்கி, கழுவி, குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோமே, ஆப்பிரிக்க மொழிகளில் இப்படி முடியுமா?
– வாசகர், கல்மண்டபம்

பதில்: தாராளமாக! நைஜீரியாவின் யொரூபாவில் ‘ஓ மூ இவே வா’ என்றால் ‘அவர் புத்தகம் எடுத்து வந்தார்’. ‘மூ’ என்றால் எடு, ‘இவே’ புத்தகம், ‘வா’ என்றால் நம்ம ‘வா’வேதான்! இந்த ஒற்றுமை தற்செயல். உறவுக்குச் சான்று அல்ல. அங்கே வினைகள் விகுதியே இல்லாமல் வரிசையில் நிற்கும்.

எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் நமக்கு இன்னும் நெருக்கம். ‘பல்தோ ஹேத’ என்றால் ‘சாப்பிட்டுப் போனான்’. அவள் என்றால் ‘பல்தா’. அங்கே எச்சமே ஆளைக் காட்டிவிடும். நம்ம ‘சாப்பிட்டு’ எல்லாருக்கும் பொது. எழுவாயைச் சொல்லாவிட்டால், கடைசி வினை வரும்வரை சாப்பிட்டது யாரென்று தெரியாது!