ஐந்து விரல்

காரை வாங்கியது அப்பா. 1985 மாடல் அம்பாசடர், மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அவர் கையில் அது ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. என் கைக்கு வந்தபோது பின்னால் வரும் ஸ்கூட்டர்காரர்கள் முகத்தில் கைக்குட்டை கட்டும் அளவுக்குப் புகை.

கோவை கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன். மேஸ்திரி ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர் பண்ணியே ஆகணுங்க தம்பி" என்றார். 40 ஓவர்சைஸ், அதாவது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். புது பிஸ்டன், புது ரிங், புது கேம் ஷாஃப்ட், டாப்பெட். இவ்வளவு செலவோடு இன்னும் கொஞ்சம் என்று காதில் ஒரு பேய் ஓதுமே, அது எனக்கும் ஓதியது. ஹெடர் மாட்டலாம் என்றது.

அந்த இன்ஜினில் சிலிண்டர் நான்கு. ஹெட்டில் புகை வெளியேறும் வாசல் மூன்றுதான். நடுவில் இருக்கும் இரண்டும் ஒண்டுக்குடித்தனம். கம்பெனி போட்ட வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் அதையெல்லாம் வாய் பேசாமல் சுமந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கிவிட்டு, மூன்று குழாய் வளைந்து ஒன்றாகச் சேரும் ஹெடர் ஒன்றைச் செய்யச் சொல்லி, அதன்மேல் செராமிக் பூச்சும் ஏற்றினேன். வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி வந்தது. வீட்டில் கூடத்தில் இரண்டு நாள் வைத்திருந்தேன் என்பதை இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.

மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாருக்குங்க. ஆனா இப்ப வேண்டாம். பழைய மேனிஃபோல்டுலயே ஓட்டி டைமிங், கார்புரேட்டர் எல்லாம் செட் பண்ணிக்கலாம். அப்புறம் மாட்டிக்குங்க" என்றார். பழையதை மாட்டி, கழற்றி, மறுபடி புதியதை மாட்டுவதா? இரட்டைக் கூலிக்கு அடிபோடுகிறார் என்று என் மூளை கணக்குப் போட்டது. சி.ஏ. முடித்தவன் வேறு.

"சரி, மாட்டறதுக்கு முன்னாடி தின்னர் போட்டுத் துடைச்சுருங்க. கை பட்ட எண்ணெய் சூட்டுல வெந்து ஒட்டிக்கும்." இதையும் கேட்டேன். காதால்.

புது கேமுக்கும் டாப்பெட்டுக்கும் முதல் இருபது நிமிடம்தான் ஜாதகம். ஸ்டார்ட் ஆனதும் 2000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் பிடித்திருக்க வேண்டும். கிராங்க் வேகமாகச் சுற்றி வாரி இறைக்கும் எண்ணெய்தான் கேமுக்குச் சாப்பாடு. ஐட்லிங்கில் விட்டால் பட்டினி, மூக்கு தேய்ந்துவிடும். இது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை.

மேஸ்திரி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பட்டறைப் பையனைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானே சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது. அந்தக் குஷியில், கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்தால் இன்னும் துடிப்பாக இருக்குமே என்று டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு திருப்புத் திருப்பினேன். நான் திருப்பியது ரிட்டார்ட் பக்கம். பொறி தாமதமாக விழுந்தால் பெட்ரோல் எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய நெருப்பு குழாய்க்குள் குடியேறும். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பெடஸ்டல் ஃபேனை வைத்துவிட்டுக் கையில் கடிகாரத்தோடு நின்றேன்.

எட்டாவது நிமிடம் பையன் சொன்னான்: "அண்ணா, பைப்பு செவக்குது."

"செராமிக்னா அப்படித்தான்டா இருக்கும்."

பன்னிரண்டாவது நிமிடம் எனக்கே அடுப்பங்கரை நினைவு வந்தது. பட்டப்பகலில், கொட்டகை நிழலில், இரும்பு செம்பருத்திப் பூ நிறத்தில் இருந்தது. அந்த நிறம் வர 700 டிகிரிக்குப் பக்கம் சூடேற வேண்டும். பூச்சுக்காரர் தாங்கும் என்று சொல்லியிருந்த எல்லையும் அதுதான். நிறுத்தினால் கேம் போய்விடும், நிறுத்தாவிட்டால் ஹெடர் போய்விடும். நான் நின்றுகொண்டே இருந்தேன். இருபது நிமிடம் முடிந்து ஆறியபோது வெள்ளி சாம்பலாகி, வளைவுகளில் பழைய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி செதில் செதிலாக உதிர்ந்தது.

மேஸ்திரி வந்து பார்த்தார். திட்டவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, கை கழுவப் போனார்.

இத்தனைக்கும் பிறகு எனக்குப் பயம் தொற்றிக்கொண்டது. காரை எடுத்தவன், டிக்கியில் கல்யாணச் சாம்பார் வாளி இருப்பது போல ஓட்டினேன். நாற்பதைத் தாண்டவில்லை. பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று சுண்ணாம்பால் எழுதியிருந்தேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் இளநீர்க் குலை ஏற்றிய டிவிஎஸ் 50 ஒன்று என்னைத் தாண்டிப் போனது. ஓட்டியவர் திரும்பி, கார் பஞ்சரா என்று சைகையில் கேட்டார்.

இங்கேதான் இன்ஜின் கொஞ்சம் அடி வாங்க விரும்புகிறது. போரில் ஹோனிங் செய்த குறுக்குமறுக்குக் கோடுகளின் முனையை ரிங் உராய்ந்து சமன் செய்ய வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் முதுகுக்குப் பின்னால் புகும் வாயு அழுத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்தால்தான் அந்த அழுத்தம் வரும். மிதிக்காவிட்டால் எண்ணெய் வெந்து சுவரில் கண்ணாடிபோல் படிந்துவிடும். 600 கிலோமீட்டரில் ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. புகையும் திரும்பி வந்துவிட்டது, அதே நீலம்.

மறுபடி பிரித்து, ஹோனிங், இன்னொரு செட் ரிங். இந்த முறை பழைய மேனிஃபோல்ட். கூலி இரட்டையல்ல, மூன்று மடங்கு. பட்டறையிலிருந்து பாலக்காட்டு ரோட்டில் மேஸ்திரியே ஓட்டிப் போனார், மூன்றாவது கியரில் மிதித்து விட்டு, மிதித்து விட்டு. நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஹெடர் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. மேலே உதிர்ந்துவிட்டாலும், மூன்று குழாய் சேரும் கீழ்ப்பகுதி இன்னும் வெள்ளிதான். துடைக்காமல் மாட்டினேன் அல்லவா, அதில் ஐந்து விரலும் பழுப்பாக வெந்து பதிந்திருக்கின்றன, ரேகையோடு. போன மாதம் ஆயில் மாற்றப் போனபோது புதிதாக ஒரு இளைஞர் அதைப் பார்த்து, "என்னங்க இது, யாரு கை?" என்று கேட்டார்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒரு ஆடிட்டருதுங்க" என்றார்.